திறந்து நாளான புட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கும் உங்களுக்கும் புது ஊர் பழகியிருக்கும். சின்னவள் இன்னும் பள்ளிக்கூட வாசலில் அழுகிறாளா? இங்கே ஆய்வுக்கூடம் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் போன பிறகு என் சோம்பலைத் திட்டத்தான் ஆளில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. கரியமில வாயுவை ஃபார்மிக் அமிலமாக்கலாம் என்று நாம் இருவரும் எழுதிய கட்டுரையைப் படித்த ஒருவர், அந்த அமிலம் வாயுவிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டு எழுதியிருந்தார். எரிச்சலோடுதான் ஆரம்பித்தேன். அடையாளத்துக்காக எடை கூடிய கார்பன் உள்ள வாயுவைச் செலுத்தி, நம் கோபால்ட் வினையூக்கியைப் போட்டு, மின்சாரம் பாய்ச்சினேன். வாயுதான் அமிலமாகிறது என்றால் அந்தக் கார்பன் அமிலத்தில் இருக்க வேண்டும். அமிலம் வந்தது. அந்தக் கார்பன் மருந்துக்குக்கூட இல்லை. மூன்று முறை செய்தேன்.

வாயுவைக் கரைக்க ஊற்றுகிறோமே, அந்தக் கரைப்பான்தான் அக்கா. திறந்து நாளானால் ஈரம் இழுத்து, தானே சிதைந்து அமிலம் விடுகிறது. புதுப் புட்டியைத் திறந்து அதே வினையூக்கியோடு செய்தேன், அமிலமே வரவில்லை.

அப்போது கட்டுரைக்காக, வினையூக்கி இல்லாமல் ஒரு வெற்றுச் சோதனை செய்யச் சொன்னீர்களே, அதைக் கடைசியாகத்தான் செய்தேன். அன்றைக்குப் பழைய புட்டி தீர்ந்திருந்தது. புதியதில் செய்தேன். அமிலம் வரவில்லை என்றதும், எல்லாம் வினையூக்கியின் வேலை என்று இருவரும் துள்ளினோம். புட்டி மாறியதை நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது சொல்ல வேண்டிய சங்கதி என்றே தோன்றவில்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். "இப்ப ஏம்மா இதைக் கிளறுற? அவளுக்கு வேலை நிரந்தரமாகுற வரைக்கும் சும்மா இருந்தா என்ன?" என்றார். அந்தக் கட்டுரையால்தான் உங்களுக்கு அந்த வேலை கிடைத்தது என்று எனக்குத் தெரியாதா? விட்டுத்தொலைக்கலாம் என்றுதான் எனக்கும் இருக்கிறது. அவ்வளவு அலுப்பு. ஆனால் கேள்வி கேட்டவரின் மாணவி ஒருத்தி, எட்டு மாதமாக நம் முறையைச் செய்து பார்த்து, வராமல், தன் கைதான் சரியில்லை என்று படிப்பையே விடப் பார்க்கிறாளாம்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தும் போட்டாயிற்று. உங்கள் கையெழுத்தில்லாமல் அனுப்ப மாட்டேன். திட்டுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். "அனுப்பாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அக்கா. நீங்கள் சொன்னால் நான் கேட்டுவிடுவேன்.

நீங்கள் வைத்த பெயரிலேயே,
சுண்டெலி