கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றவர்கள்

சனிக்கிழமை, மார்ச் 10, 1934

பக்கத்து வீட்டுக் கமலம் காலையில் வந்து, கடற்கரைத் திடலில் சீனர்களின் கொடிக்கம்ப ஆட்டம் பார்க்கத் தங்களோடு வரச் சொன்னாள். தலையிடி என்றேன். பிறர் குடும்பத்தின் நடுவே உட்கார எனக்கு ஒத்துவராது. மாலையில் வீடு புழுங்கியது. தனியே ரிக்‌ஷா பிடித்துப் போனேன்.

மாடிவீட்டு உயரக் கம்பத்தை ஒருவன் நெற்றியில் நிறுத்தினான். தோழர்கள் கைகளை விரித்தபடி அவனைச் சுற்றி நின்றார்கள், ஒருவரும் தொடவில்லை. கம்பம் சாய்ந்தபோது எல்லாக் கைகளும் ஒன்றாக எழுந்து தாங்கின. எனக்குக் கண் கலங்கியது. காரணம் தேடினேன்; கிடைக்கவில்லை.

"தலையிடி மாறிட்டுதோ, அக்கா?" பின்னால் கமலம், பிள்ளைகளோடு. "எங்களோட வந்திருந்தா இன்னும் கூடியிருக்கும், என்ன?"

பள்ளிக்கூடத்தில் நாள்முழுதும் பாடம் சொல்கிற நான், தலையைக் குனிந்துகொண்டு வண்டி தேடினேன். இந்தத் தெருவில் என்னை அழைப்பவள் அவள் ஒருத்திதான். இனி அழைக்கமாட்டாள் என்று நினைத்தபடியே வீடு திரும்பினேன்.

விளக்கேற்றும்போது அவள் வீட்டு வேலைக்காரி ஒரு செம்பில் சூடான மல்லித்தண்ணீர் கொண்டுவந்தாள். "தலையிடிக்காம், அம்மா குடுத்துவிட்டா."

குத்தலா, கரிசனமா? தெரியாமலே முழுவதையும் குடித்தேன். செம்பைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். நாளை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உள்ளே வரச் சொன்னால், வேலை இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது.