புளி போட்டுத் தேய்த்த கிரேக்கக் காசுகள்

என் அருமை அண்ணா,

நீ போய் நாற்பது நாளாகிறது. திண்டிவனத்து வீட்டை இன்னும் ஒழித்துக்கொண்டே இருக்கிறேன், முடிந்தபாடில்லை. உடம்பும் மனசும் அசந்துபோய்விட்டன. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் கிரேக்கக் காசுகளைக் கெடுத்துவிட்டேன். அலெக்சாண்டருக்குப் பின்னால் வந்த ராஜாக்கள் போட்ட வெண்கலக் காசு என்று நீ ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும். காரியத்துக்கு முந்தின நாள் குத்துவிளக்கு, சொம்போடு அவற்றையும் தோட்டத்துக் கல்லில் போட்டு, இப்படிக் களிம்பேறிக் கிடக்கிறதே என்று புளி வைத்துத் தேய்த்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்றுகூட நினைத்தேன். பளபளவென்று வந்தன. ஆனால் காசுகளில் பொறித்திருந்த யானையைக் காணோம், கழுகைக் காணோம், நங்கூரத்தையும் காணோம்.

போன வாரம் விழுப்புரத்திலிருந்து பேராசிரியர் வந்தார். காசுகளை அவர் கல்லூரிக்குத் தருவதாக நீ வாக்குக் கொடுத்திருந்தாயாமே? டப்பாவைத் திறந்தவர் ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இத தேச்சது? உருவமே அந்தக் களிம்புலதாங்க நின்னுக்கினு இருந்துது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேல செய்யற அஞ்சலைங்க. தெரியாம தேச்சிட்டா."

கடைசி மூன்று மாதம் உன்னைக் குளிப்பாட்டிவிட்ட அஞ்சலை, கையில் காபியோடு அங்கேயே நின்றிருந்தாள். "ஆமா சார், நான்தான்" என்றாள். அவர் வெறுங்கையோடு கிளம்பிப் போனார்.

"ஏண்டி ஒத்துக்கின?"

"வெளியாள் முன்னாடி உங்கள வுட்டுக் குடுக்க முடியுமாக்கா? அண்ணன் எங்கிட்ட சொல்லிக்கினே இருப்பாரு, இதுமேல தண்ணிகூட படக்கூடாதுன்னு."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைத் தடவினாள். "இது யானக்கா. இது கழுகு, நடுவுல குழி இருக்குது பாருங்க. இந்தச் சின்னது நங்கூரம்." ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. கூடப் பிறந்தவள் நான். எனக்கு ஏன் அண்ணா ஒன்றுமே தெரியவில்லை? அவமானமாக இருக்கிறது.

அஞ்சலை இன்றைக்கும் வேலைக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத்தான் வாய் வரவில்லை.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போகிறேன். தேய்த்தது நான், பொய் சொன்னதும் நான் என்று அவளை வைத்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். எது எந்தக் காசு என்று அவள் சொல்லட்டும், அவர் எழுதிக்கொள்ளட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முறையாவது கடைசிவரை கேட்கிறேன்.

நீ இருந்தவரை காது கொடுக்காத உன் தங்கை,
கலா