காதில் ஒன்றுமில்லை

அன்பு மகள் யுன்லானுக்கு அம்மா எழுதுவது. அந்நிய ஊரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அந்த வரியை விட்டுவிடுகிறேன். என் போனை நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் உன் அப்பா எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. உன் புருஷன் ஹாவ்ஜே உன்னை விட்டுப் போய்விட்டான் என்று நீ அழுதபோது அப்பா சிரித்துக்கொண்டே "நல்லது நல்லது, சந்தோஷமா இரு" என்றாராம், இனி அவரோடு பேச்சே இல்லை என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். அடி அசடே, நீ சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. உன் அப்பாவின் இரண்டு காதும் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடும்போது சாப்பிட்டேன், தூங்கினேன், நல்லது என்று இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லி உன்னிடம் சமாளித்திருக்கிறார்.

முதலில் காது அடைக்கிறது என்றுதான் சொன்னார். காசுக்குக் காது அழுக்கெடுக்கும் என்னிடம் செங்டு ஊரே வந்து காதை நீட்டுகிறது, வீட்டுக்காரர் காது எனக்குப் பெரிதா என்று நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த கிண்ணம்போல இருந்தது. ஒன்றுமில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார், "உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, இன்னும் உள்ள பாரு" என்று தினமும் சண்டை. எனக்குத் தெரியாமல் நான் வேலை செய்யும் தேநீர்க்கடையின் மறுகோடியில் உட்கார்ந்து இதே தொழில் செய்யும் கோங்கிடம் போய்க் காதைக் காட்டிவிட்டு, துணியில் ஒரு துண்டு காதுக் குறும்பியை மடித்துக் கொண்டுவந்து, "பாத்தியா, நீ எடுக்காதத அவன் எடுத்துட்டான், இப்ப நல்லா கேக்குது" என்றார். அன்று என்ன சந்தோஷம் அவருக்கு. அது வேறு யாரோ காதில் எடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது, எங்கள் தொழிலில் இந்த வித்தை தெரியாதவர் யார். மறுநாள் கோங்கைத் திட்டப் போனேன். "அவர் மூஞ்சியப் பாத்தேன் அண்ணி, இல்லைன்னு சொல்ல வாய் வரல" என்று தலையைக் குனிந்துகொண்டார், நானும் திட்ட வந்ததை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அப்புறம் அவரே மூங்கில் குச்சியால் நோண்டி ரத்தம் வந்து சீழ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நரம்பு செத்துவிட்டது, கருவி வைத்தாலும் வெறும் இரைச்சல்தான் கேட்கும், காது தன் அழுக்கைத் தானே தள்ளிவிடும், இனி எதையும் உள்ளே விடாதீர்கள் என்றாள் டாக்டர். என் பிழைப்பே அதுதான் என்று அவளிடம் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். நீயும் கேட்டுக்கொள், கொண்டை ஊசியால் காது குடையும் பழக்கத்தை விடு, இரவெல்லாம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்காதே, வலித்தால் வைத்தியரிடம் போ. குறும்பி மட்டும் இருந்திருந்தால், கல்லாக இறுகியிருந்தாலும் எண்ணெய் விட்டு ஊறவைத்து எடுத்திருப்பேன் யுன்லான். எடுக்க ஒன்றுமில்லாத காதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். என் கை இப்படி வெறும் கையாக இருந்ததே இல்லை.

வேலை முடித்ததும் வாடிக்கையாளர் காதோரம் தட்டி ரீங்கரிக்க விடுவேனே, அந்தக் கவைக்கம்பியை ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டினேன். அவர் பாட்டுக்குப் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார். மறுபடி தட்டி, கம்பியின் அடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்தேன். துள்ளி எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அதிர்வு அடங்கும்வரை விடவில்லை. அன்றிலிருந்து போனை அந்த எலும்பில் வைத்துக்கொள்கிறார், "அவ பேசினா இங்க லேசா நடுங்கும், அது போதும்" என்கிறார். நீ கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஹாவ்ஜே விஷயம் அவருக்குத் தெரியாது, எழுதிக் காட்ட எனக்குக் கை வரவில்லை, உனக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ தனியாக இருக்க வேண்டாம், இங்கே வந்துவிட்டாலும் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குக் கவலை இல்லை. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவைக் கூப்பிடு, வாயில் வந்ததைப் பேசு, அழுதாலும் பரவாயில்லை. கேள்வி மட்டும் கேட்காதே, பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பார்.

இப்படிக்கு
உன் அம்மா