லெப்ட் லிங்கத்தின் வீட்டிலிருந்து

மேல் பிரிவு லயம்,
றொசல்ல.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாமிலாவுக்கு அம்மா எழுதுவது.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் மாரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் சுகம்தான். மழை பிடித்தால் முழங்கால் கொஞ்சம் முறுக்கும், தைலம் தேய்த்தால் விட்டுவிடும், அதை நினைத்து நீ அங்கே சோறு இறங்காமல் இருக்க வேண்டாம். கையில் போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னோடு எங்கே பேச முடிகிறது, நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மா தூங்குகிறார் என்று குசுகுசுவென்று பேசுகிறாய், நான் அப்பா என்று ஆரம்பித்ததும் அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுகிறேன், அதற்குள் டேட்டா முடிந்துவிடுகிறது. கீழ் லயத்துச் சர்மிளா லீவு முடிந்து புதன்கிழமை சைப்ரஸுக்குத் திரும்புகிறாள். அவளிடம் கொடுத்தால் உன் கைக்கே வந்து சேரும். கறித்தூள், கருவாடு, நம் பெக்டரித் தேயிலை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன், கருவாட்டை மட்டும் இரண்டு பையில் சுற்றியிருக்கிறேன், மணத்தால் அந்தப் பிள்ளைக்கு ஏர்போட்டில் தொல்லை வரக்கூடாது.

அப்பா போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார்கள், கதவில் பூட்டு தொங்குகிறது. முன்பெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால்கூட இங்கே கேட்கும், இப்போது தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும்தான். காலையில் கொழுந்து எடுக்கப் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகிற பெண்கள் வாசலைத் தாண்டும்போது மீனம்மா அக்கா என்று ஒரு குரல் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு மத்தியானம் வரை என் பெயரை யாரும் சொல்வதில்லை. சோறு ஆக்கும் அளவு இன்னும் கைக்கு வரவில்லை, மிஞ்சுவதை வீரய்யா அண்ணன் வீட்டுக் கோழிகளுக்குப் போடுகிறேன். பின்பக்கத்துப் பல்பு எரிந்துபோய்க் கிடக்கிறது, யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தே நாள் போகிறது, நாற்காலி மேல் ஏற எனக்குப் பயம்.

இன்று நம் கிரவுண்டில் அப்பா பெயரில் ஒரு கப் வைத்து மேட்ச் நடந்தது. உனக்கு அப்பா என்றால் சாயங்காலம் தேயிலைத் தூள் மணக்க வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து ரேடியோ கேட்கிறவர். உனக்கு விவரம் தெரிவதற்குள் அவர் பந்தை விட்டுவிட்டார். செங்கதிர் கிளப்புக்கு ஆடிய காலத்தில் இந்தப் பக்கத்தில் முத்துலிங்கம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, லெப்ட் லிங்கம் என்றால் இறம்பொடை வரைக்கும் தெரியும். இடது காலால் அடிக்கிறவர் என்பதால் வந்த பெயர். ஊரெல்லாம் பார்த்த அந்த ஆட்டத்தை நான் மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை மகளே. ஞாயிற்றுக்கிழமையில்தான் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும். பீலித் தண்ணீரில் துணியை அலசிக்கொண்டிருந்தால் கிரவுண்டில் போடும் சத்தம் மேலே வரும். மற்றவர்கள் கோல் போட்டால் பந்து உள்ளே போன பிறகு கத்துவார்கள். உன் அப்பாவின் காலுக்குப் பந்து வந்தாலே கத்தத் தொடங்கிவிடுவார்கள். அதை வைத்து நான் தெரிந்துகொள்வேன். வீட்டுக்கு வந்தால் அவர் வாய் திறக்க மாட்டார், ஜெயித்தீர்களா என்றால் ம் என்பார், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மேட்ச்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரோடு ஆடியவர்களும் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களும் நிறையப் பேர் வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகாமல் மழைக்கு வாசலில் கட்டிய படங்கின் கீழ் உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் உள்ளே சுருண்டு கிடக்கிறேன், வெளியே சிரிப்புச் சத்தம். பிறகு காது தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. டிக்கோயாவில் நடந்த பைனலில் அடைமழையாம், பந்து சேற்றுத் தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டதாம், எல்லாரும் முட்டிமோதிக்கொண்டிருக்க இவர் கால் நுனியால் அதைத் தண்ணீரிலிருந்து கிள்ளி எடுத்து, கீழே விழுவதற்கு முன்பே அடித்தாராம். அப்பாவோடு அந்த டீமில் ஆடிய நம் வீரய்யா அண்ணன் அதை எழுந்து நின்று நடித்துக் காட்டினார், இந்த வயதில் காலைத் தூக்கி, விழப்போனவரை இருவர் பிடித்தார்கள். இறம்பொடையில் இருந்து ஒருவர் வந்திருந்தார், அந்தக் காலத்தில் எதிர் டீமுக்குக் கோல் காவலில் நின்றவர். அவர் சொன்னார், "பெனால்டி அடிக்க வந்தா லிங்கண்ணன் என்னைப் பாத்து, அண்ணே மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டுத்தான் அடிப்பாரு. நான் அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிக்கிறதுக்குள்ள பந்து உள்ள போயிடும்." எல்லாரும் சிரித்தார்கள். நான் சமையலறையில் உட்கார்ந்து, இந்த ஆளோடா நான் இத்தனை வருடம் குடித்தனம் பண்ணினேன் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் ஆளுக்கொரு லிங்கம் வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை போல இருந்தது.

அவர்கள் விடாமல் சொல்லும் கதை இன்னொன்று. கொழும்பில் ஒரு பெரிய கிளப் அப்பாவைக் கூப்பிட, அவரும் போய் ஆடிக்காட்ட, அவர்களுக்கும் பிடித்துப்போக, கையெழுத்துப் போட வேண்டிய அன்று அவர் ரயில் ஏறித் திரும்பி வந்துவிட்டாராம். நம்ம ஆளுங்க மலையில காத்துக்கிட்டு இருக்காங்கன்னு அங்கே இருந்த கோச்சிடம் சொன்னாராம். செங்கதிரை விட்டு இருக்க முடியாமல் வந்தவர் என்று சொல்லிச் சொல்லி, அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இப்போது கிளப்பை நடத்துகிறார்கள். அப்பாவிடம் யார் கேட்டாலும் சிரிப்பார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

கப் வைக்கிறோம், நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று கிளப் செக்ரட்டரி கிஷாந்த் வந்து கேட்டபோது உன் அத்தை நாகலெட்சுமியும் இங்கே இருந்தாள். அவளுக்குத் தாங்கவில்லை. தாலி இறங்கி மூன்று மாதம் ஆகவில்லை, சபையில் போய் நின்று கப் கொடுத்தால் வாங்குகிற பிள்ளைகளுக்கே ஆகாது என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வீரய்யா அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். "அண்ணி, ஆகாது ஆகும்னு எங்களுக்குத் தெரியாது. அவரு பேர் போட்ட கப்ப நீங்க தொடாம வேற யாரு தொட்டாலும் எங்களுக்கு மனசு ஒப்பாது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் போன பிறகு அத்தை, போறதுன்னா நானும் வர்றேன், ஒன்னைத் தனியா விட மாட்டேன் என்றாள்.

அப்படித்தான் இன்று போனோம். நீ கொடுத்த சாம்பல் நிறச் சேலையைக் கட்டினேன். கிரவுண்டு உனக்குத் தெரியும், ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ரயில் ரோடு. மேட்டில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். டிக்கோயாப் பையன்களும் நம் பையன்களும் ஆடினார்கள். எனக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் கண்ணை எடுக்க முடியவில்லை. பந்து இந்தப் பக்கம் வந்தால் என் கால் தானாக நகருகிறது. நம் டீமில் மெலிந்த பையன் ஒருவன் இடது காலால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான், அப்போது நான் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டேன், பிறகு எதிர் டீம் பையன் காலைத் தட்டி இவன் விழுந்துவிட்டான், ரெப்ரி விசில் ஊதவில்லை. உன் அத்தை என்ன செய்தாள் தெரியுமா, குடையை மடக்கிக்கொண்டு எழுந்து, கண்ணு தெரியலையா என்று ரெப்ரியைப் பார்த்துக் கத்தினாள். சபைக்கு ஆகாது என்று சொன்னவள் அவள். நம் பையன்கள் ஒரு கோலில் தோற்றுப்போனார்கள், அது வேறு கதை.

கப் கொடுக்கும் நேரம் கிஷாந்த் மைக்கைப் பிடித்து அந்தக் கொழும்புக் கதையை மறுபடியும் சொன்னான். "பணம் வேண்டாம், பேர் வேண்டாம், இந்த ஜனங்கதான் வேணும்னு திரும்பி வந்தவரு நம்ம லிங்கண்ணன்" என்றான். சொல்லிவிட்டு மைக்கை என் கையில் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா என்றான்.

ஷாமிலா, உனக்கு நாங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ மாதம் நிறையாமல் பிறந்தவள் என்று உனக்குத் தெரியும். நீ பிறந்தபோது அப்பா கொழும்பில் இருந்தார் என்பது தெரியாது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், நான் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தேன். அத்தைதான் தந்தி கொடுத்தாள். மறுநாளே பந்து ஆடுகிற பையோடு வார்டுக்குள் வந்து நின்றார். உன்னை வெளியே எடுத்துக் கொடுத்த பிறகு, நர்ஸம்மா சொன்னபடி தன் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பார். உன் உடம்பு தேறி நாம் வீட்டுக்கு வந்தபோது கொழும்பில் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை விட்டுவிட்டு வந்தது வருத்தமா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பிள்ளை தன்னால்தான் என்று ஒரு நாளும் நினைத்துவிடக்கூடாது என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

அது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவர்களைப் பார்த்தேன். தலை நரைத்தவர்கள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தவர்கள், வாழ்நாள் முழுவதும் மலையில் நின்று களைத்த முகங்கள். தங்களுக்காக ஒருவர் கொழும்பையே விட்டுவிட்டு வந்தார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது. எல்லாருக்கும் சந்தோஷம் என்று மட்டும் சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு, கப்பை எடுத்து டிக்கோயாப் பையன்களின் கையில் கொடுத்தேன்.

கூட்டம் கலைந்ததும் றொசல்ல ரயில் ஸ்டேஷனில் முன்பு வேலை செய்த சிங்களப் பெரியவர் பண்டார மாத்தயா என் பக்கத்தில் வந்தார். அவருக்கும் இப்போது கைத்தடி வந்துவிட்டது. தங்கையைக் கூப்பிடுவது போல நங்கி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். குரலைத் தாழ்த்தி, தெரிந்த தமிழில் சொன்னார். "நங்கி, அன்னைக்கு கொழும்பு கோச்சி நம்ம ஸ்டேஷன்ல நின்னப்ப நான் லிங்கத்தைக் கண்டேன். எறங்கு எறங்குன்னு கூப்பிட்டேன். கதவுல நின்னு, ஹட்டன்ல எறங்கி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போறேன் மாத்தயா, மகள் பொறந்திருக்கா, கையளவுதான் இருக்காளாம்னு சொன்னாரு. கொழும்பு கிளப் என்னாச்சுன்னு கேட்டேன். அது கெடக்கட்டும்னு சொன்னாரு. கோச்சி போயிட்டது." இத்தனை வருடமாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவரே சொல்லாதப்ப நான் எப்பிடிச் சொல்றது என்றார். இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். அப்பா போன நாளிலிருந்து, அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குத் துணை இருந்தது போல இருந்தது.

அதனால் சொல்கிறேன், அப்பாவை அடக்கம் பண்ணும்போது வர முடியவில்லையே என்று இனி அழாதே. அவருக்கு முடியாமல் போனபோது உனக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள வரச் சொல்லாத, பாதியில விட்டுட்டு வந்தா திரும்பப் போக முடியாது, அது எனக்குத் தெரியும் என்றார். அப்போது எனக்கு அதன் அர்த்தம் முழுதாகப் புரியவில்லை. இன்றுதான் புரிந்தது.

அத்தையை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் மேட்ச் பார்த்திருக்கிறேன், வாய் நிறையச் சொல்ல இருக்கிறது. அந்தப் பையன் விழுந்தது, அத்தை குடையோடு எழுந்தது, தோற்றும் நம் பிள்ளைகள் கைதட்டியது. சேலையைக்கூட மாற்றாமல் அவருடைய கட்டிலில் உட்கார்ந்தேன், என்னங்க என்று கூப்பிட்டும்விட்டேன். பிறகுதான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று சர்மிளா சொன்னாள், காலுறை போடாமல் தரையில் நடக்காதே, அந்த அம்மாவைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள். வருடத் திதிக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் இருக்கும் இடத்தில் ஒரு விளக்கு வை, போதும். நீ நினைத்ததெல்லாம் நடந்து, நல்ல உடம்போடு நம் வாசலில் வந்து இறங்க அப்பாவும் சாமியும் உன் கூடவே நிற்பார்கள். இதற்குப் பதிலைப் போனில் சொல்லிவிடாதே மகளே, இரண்டு வரி என்றாலும் எழுதித் தபாலில் போடு. போனில் பேசியது அப்போதே போய்விடுகிறது. எழுத்து என்றால் வேண்டும்போது எடுத்து மறுபடியும் படிக்கலாம்.

உன்னைப் பார்த்திருக்கும் அம்மா
மு. மீனம்மா