டாக்டர் முன்னால் மட்டும் வராத நெஞ்சுவலி

என்னங்க,

குழைந்த சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் படுக்காதீர்கள். எனக்குக் காலை டூட்டி. கண்டக்டர் இல்லாமல் பஸ் கிளம்பாது. உங்கள் அக்கா வந்து டாக்டரிடம் அழைத்துப் போவார். சாவியை அவரிடமே கொடுங்கள், நீங்கள் தொலைத்துவிடுவீர்கள்.

நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன் செய்த பிறகும் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்று வீட்டில் தினமும் புலம்புகிறீர்கள். போன தடவை டாக்டர் கேட்டபோது, "சூப்பரா இருக்கேன் டாக்டர், எல்லாம் உங்க கைராசி" என்று சிரித்தீர்கள். அவரும் பூரித்துப்போய் மாத்திரையை நிறுத்திவிட்டார். படியிறங்குவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். கேட்டால், "பாவம், கஷ்டப்பட்டு பண்ணியிருக்காரு, மனசு நோகக் கூடாதில்ல" என்கிறீர்கள். என் சமையலுக்கு ஒரு நாளாவது இந்தத் தாட்சண்யம் காட்டியதுண்டா?

நேற்று உங்களை நடிகர் என்று சொன்னேன். அதை வாபஸ் வாங்கவில்லை.

இன்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் மழுப்பினால் அக்கா போட்டுக்கொடுப்பார், பேசி வைத்திருக்கிறேன்.

பி.கு.: இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அந்த டாக்டருக்கு வாசல் வரை நோயாளிகள். எனக்கு நீங்கள் ஒருவர்தான்.