இரண்டு குடம் தண்ணீர்

26-4-87, ஞாயிறு

இன்று கோயிலில் ரோஸியின் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். லெந்து தவநாட்கள் முடியட்டும் என்றுதான் இரண்டு வீட்டாரும் காத்திருந்தார்கள். போதகர் ஐயா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "பாலவனத்தம் சபையைச் சேர்ந்த ராபின் என்பவருக்கும், இச்சபையைச் சேர்ந்த ரோஸி என்பவருக்கும்..." என்று ஆரம்பித்ததும், பக்கத்தில் இருந்தவள் முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டு என் கையைத் தேடிக் கிள்ளினாள். நாலாம் வகுப்பில் பரீட்சைத் தாள் கொடுக்கும்போது கிள்ளுவாளே, அதே கிள்ளல்.

"இந்த விவாகத்துக்கு எவருக்காவது தடை இருந்தால் அறிவிக்கலாம்." இப்படி மூன்று ஞாயிறு கேட்பார்கள். இதுவரை யாரும் எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம் "அவுக சொன்னாக", "அவுக வாரேன்னாக". போன வருஷம்வரை அந்த மனிதருக்கு ராபின் என்று ஒரு பெயர் இருந்தது. பஸ்ஸில் டிக்கெட் போடும்போது இவளுக்குச் சில்லறை தராததற்கு "அவன் கெடக்கான்" என்று திட்டியதும் இதே வாய்தான்.

"யாருடி அந்த அவுக? எனக்குத் தெரிஞ்சவுகளா?"

"போடி, ஒன் புஸ்தகத்துல தேடிப் பாரு."

அண்ணன் கடைசிப் பாட்டுக்கு முன்பே ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போய்விட்டான். மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வந்திருக்கும் என்றார் அப்பா. கிணறெல்லாம் வற்றிக் கிடக்கும்போது எந்த மோட்டார்?

29-4-87

தண்ணீர் லாரி வரவில்லை.

30-4-87

வந்தது. வீட்டுக்கு நாலு குடம். இரண்டு சமையலுக்கு, இரண்டு குடிக்க. தெருமுனை அடிபம்பில் வருவது உவர்த்தண்ணீர். துவைக்க, குளிக்க மட்டும்தான். அதற்கும் வரிசை. அம்மா இருந்தவரை இந்தச் சண்டையெல்லாம் அவள் போட்டாள். இப்போது பள்ளிக்கூடத்து டீச்சர் என்று பார்க்காமல் என் குடத்தையும் தள்ளிவிடுகிறார்கள். லீவு முடிவதற்குள் நானும் நன்றாகச் சண்டை போடக் கற்றுக்கொள்வேன்.

3-5-87, ஞாயிறு

இரண்டாவது ஓலை.

ராபின் எங்கள் கோயிலுக்கே வந்திருந்தார். ஆராதனை முடிந்து நேராக எங்கள் வீடு. அண்ணனும் அவரும் ஒன்றாக ஐ.டி.ஐ. படித்தவர்கள். அண்ணன் மோட்டார் பக்கம் போனான், அவர் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டார்.

"ஏலே மாப்ளே, கல்யாணத்துக்கு சீரியல் லைட்டு ஒன் பொறுப்பு. ஒரு பல்பு எரியலைன்னாலும் அந்த எடத்துல ஒன்னையத்தான் தொங்கவிடுவேன்" என்றார் ராபின்.

அண்ணன் சிரித்தான்.

புறவாசலில் ரோஸியின் குரல். மாப்பிள்ளை முன்னால் வரக் கூடாதாம், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "லாரன்ஸ் அண்ணே, அவுகளுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க. வெயில்ல வந்திருக்காக."

அண்ணன் செம்பில் மொண்டு வந்தான். கொடுக்கும்போது பாதி கீழே போய்விட்டது. "என்ன அண்ணே, லாரி வந்து எத்தன நாளாச்சு!" என்று நான் கத்தினேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தண்ணீருக்குப் போய்!

தண்ணீருக்கு அழாத காலமும் ஒன்று இருந்தது. திருச்சுழி ரோட்டில் ரெட்டியார் தோட்டத்துக் கிணறு. என் முதுகிலும் ரோஸி முதுகிலும் சுரைக்குடுக்கையைக் கட்டி அண்ணன்தான் நீச்சல் பழக்கினான். எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதிமூன்று. ரோஸி பயத்தில் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு "லாரன்ஸ் அண்ணே, விட்ராத, விட்ராத" என்று அலறுவாள். அவன் விட்டதே இல்லை. ஈரத் தலையோடு டவுனுக்கு சைக்கிள் மிதித்து, ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கித் தருவான். முன்னால் பாரில் நான், பின்னால் கேரியரில் அவள். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கும் அந்தச் சூடு இந்த வரியை எழுதும்போதும் வருகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு அவன் ரோஸியிடம், "இனிமே அண்ணேன்னு கூப்பிடாத" என்றான். "பின்ன தாத்தான்னா கூப்பிட?" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம். அவனும்தான்.

8-5-87, வெள்ளி

காலையிலேயே கோபம். நேற்று நான் பிடித்து மூடி வைத்த குடிதண்ணீர்க் குடம் இரண்டும் காலி. கேட்டால் "தாகம்" என்கிறான். யானைக்குக்கூட அவ்வளவு தாகம் இருக்காது. கொல்லைக்குப் போனால் அவனுடைய நீலச் சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. குடிதண்ணீரில் சட்டை துவைக்கும் துரை! அடிபம்புக்கு நாலு எட்டு நடந்தால் கால் தேய்ந்துவிடுமா? அப்பாவுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு செம்பு இரவல் வாங்கிக் கொடுத்தேன்.

மாலை -

ராபினைக் கொன்றுவிட்டார்கள். பாலவனத்தம் போகிற வழியில், ஓடைப் பாலத்துக்குக் கீழே. நேற்று சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனவர். தலையில் அடி. விசில் கழுத்திலேயே இருந்ததாம்.

ரோஸி வீட்டிலிருந்து வருகிற சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை.

9-5-87

அடக்கம். அங்கே பாலவனத்தத்தில் மண் போடும் நேரத்துக்கு, ரோஸிக்காக இங்கேயும் துக்கமணி அடித்தார்கள். எங்கள் கோயில் மணி அப்பா கையில்தான். ஒவ்வொரு அடிக்கும் ரோஸியின் தோள் குலுங்கியது. போலீஸ் நாய் ஓடையோரமாகக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்ததாம்.

10-5-87, ஞாயிறு

ஒன்றே ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

அறிவிப்பு நேரத்தில் போதகர் ஐயா வழக்கம்போலக் கண்ணாடியை இறக்கினார். வழக்கம்போலத் தாளை எடுத்தார். "மூன்றாம் முறையாக, பாலவனத்தம் சபையைச் சேர்ந்த ராபின்..." அதற்கு மேல் குரல் வரவில்லை. தாளை வைக்கவும் தெரியாமல், மடிக்கவும் தெரியாமல் நின்றார். ரோஸி தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாசித்து முடிக்கட்டும் என்பதுபோல.

அண்ணன் கோயிலுக்கு வரவில்லை. தலைவலியாம்.

12-5-87

ராபின் பஸ்ஸின் டிரைவர் செல்லப்பாண்டியை ஞாயிறு ராத்திரியே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வியாழக்கிழமை அவரும் ராபினும் பஸ்ஸில் சண்டை போட்டதை ஊரே பார்த்திருக்கிறது. விசில் கொடுக்காமல் வண்டியை எடுத்ததற்கு ஒரு சண்டை. "ஒருநாள் ஒன்னைய எறக்கி விட்டுட்டுத்தாம்லே போவேன்" என்றாராம். அது போதுமாம்.

லாரி வந்தபோது அவர் மனைவி சந்தனம்மாள் குடத்தோடு வந்தார். வரிசையில் யாரும் இடம் விடவில்லை. "இங்க எதுக்கு வாரா?" என்றது ஒரு குரல். நான் என் இடத்தைக் கொடுத்தேன். "ரெண்டு நாளா பாக்க விடமாட்டேங்கிறாக டீச்சரு. நேத்து சோறு கொண்டுபோனேன். உள்ள அவுக கத்துனது வாசல் வரைக்கும் கேட்டுச்சு" என்றார். நிறைந்த குடத்தைத் தூக்கிவிட்டபோது தண்ணீர் தளும்பிக் கீழே கொட்டியது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

13-5-87

நான் படித்த துப்பறியும் நாவல்களில் சிகரெட் சாம்பல் கிடக்கும், உடைந்த பொத்தான் கிடக்கும். எங்கள் வீட்டில் கிடப்பது காலிக் குடம்.

இல்லை. அவன் கையில் எப்போதும் கிரீஸ். கிரீஸ் பட்டிருக்கும். அதற்காகத் துவைத்திருப்பான்.

கிரீஸ் சட்டையை எத்தனை தடவை அடிபம்பில் கும்மித் துவைத்திருக்கிறான். அதை ஊர் பார்த்தால் என்ன? பார்க்கக் கூடாதது எது?

இந்த ஊருல பச்சப்புள்ளகூட குடிதண்ணில கை கழுவாதே. அண்ணே, ஏன் அப்பிடிச் செஞ்ச? நா யார்கிட்டப் போயிச் சொல்ல? சொல்லாம இருந்தா அந்தச் சந்தனம்மா மூஞ்சிய எப்பிடிப் பாக்க?

நாளைக்கு ரோஸிக்குக் கல்யாணமாக இருந்திருக்கும்.

14-5-87

சாப்பாடு போடும்போது கேட்டேன். "அண்ணே, அன்னிக்கு நெசமாவே தாகமா?"

சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தான். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தான்.

15-5-87

அண்ணன் வீட்டில் இல்லை. ஸ்பேனர் பை ஆணியில் தொங்குகிறது. சைக்கிளும் நிற்கிறது.

17-5-87, ஞாயிறு

முதல் மணி அடிக்கவில்லை. கோயில் கதவைத் திறந்துவிட்டு அப்பா படியிலேயே உட்கார்ந்திருந்தார். "கயித்தப் பிடிக்கக் கை வர மாட்டேங்குதும்மா" என்றார்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். ராபினின் சைக்கிளுக்குப் பக்கத்தில் அண்ணனைப் பார்த்ததாக ஆடு மேய்க்கிற இருளப்பசாமி இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார். வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். என் புத்தகங்களையும் உதறிப் பார்த்தார்கள்.

"அப்ப செல்லப்பாண்டிய விட்டுருவீகளா சார்?"

"ஒங்க அண்ணன் கெடைக்கட்டும். அவனும் இவனும் சேந்துகூட செஞ்சிருக்கலாம்ல?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இந்தக் கருவக்காட்டுல எவன் எத்தன நாளு ஒளிய முடியும்? தண்ணிக்கு வந்துதான்மா ஆகணும்."

அடிபம்பு ஒவ்வொன்றிலும் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் கூச்சப்பட்டுக்கொண்டு குளிக்க வராமல் போகிறார்கள்.

தண்ணீர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

19-5-87, செவ்வாய்

ரெட்டியார் தோட்டத்துக் கிணற்றில் கிழக்கு மூலையில் ஒரு ஊற்று உண்டு. மற்ற இடமெல்லாம் வற்றினாலும் அங்கே ஒரு கை அளவு கசியும். சின்ன வயதில் அண்ணன்தான் காட்டினான். வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடமும் ரோஸியிடமும் சத்தியம் வாங்கினான்.

காலையில் ஒரு தூக்குவாளியில் தண்ணீர், ஒன்றில் சோறு. விறகு பொறுக்கப் போகிறவள் மாதிரி போனேன். கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்தான். தாடி. உதடெல்லாம் வெடிப்பு. ஊற்றில் சேறுதான் இருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

குடித்தான். நிறுத்தாமல் குடித்தான். பிறகு அவனாகவே சொன்னான்.

"கொல்லணும்னு போகல ஸ்டெல்லா. பேசத்தான் போனேன். விட்டுக்குடுடான்னு கெஞ்சினேன். அவன் சிரிச்சான். 'ஏலே மாப்ளே, அவ ஒன்னைய அண்ணேன்னுல கூப்பிடுறா'ன்னான். கையில ஸ்பேனர் இருந்துச்சு."

"அதுக்கா அண்ணே?"

"அதுக்குத்தான்."

ஒரு காக்கை கிணற்று விளிம்பில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் இல்லாததைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"சட்டைய ஏன் வீட்டுல தொவச்ச?"

"அடிபம்புல தொவச்சா ஊரு பாக்கும்ல. நீ பாப்பேன்னு தெரியும். நீ திட்டுவ, அதோட விட்ருவேன்னு நெனச்சேன்."

செல்லப்பாண்டியைப் பற்றிச் சொன்னேன். சந்தனம்மாள் கேட்ட சத்தத்தைச் சொன்னேன். தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான். அவன் தலைமுடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "விட்ராத, விட்ராத" என்று ரோஸி பிடித்துக்கொண்ட முடி. இந்தக் கிணற்றில், இதே படியில்.

"வா அண்ணே. நா கூட வாரேன்."

ரோட்டுக்கு வந்தோம். வந்தது அதே பஸ். டிரைவரும் புதிது, கண்டக்டரும் புதிது. பையன் மாதிரி இருந்தான். ராபினின் தோல்பையை மாட்டியிருந்தான். நான் இரண்டு டிக்கெட் வாங்கினேன். அண்ணன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தான். ஸ்டேஷன் வாசலில் என் கையை விட்டுவிட்டு, "அப்பாவுக்குத் தண்ணி எடுத்து வச்சுட்டியா?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

21-5-87

செல்லப்பாண்டியை விட்டுவிட்டார்கள். ஒருபக்கம் சாய்ந்து நடக்கிறார்.

ரோஸி வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நான் தட்டியதும் நின்றது. நான் போகும்வரை நின்றே இருந்தது.

14-11-88

பத்து வருஷம். திட்டமிட்டுச் செய்யவில்லை, தானாக வந்து ஒப்புக்கொண்டான் என்பதற்காக அவ்வளவு. தீர்ப்பைக் கேட்டபோது அவன் என்னைத் தேடவில்லை. ராபினின் அம்மாவைத்தான் பார்த்தான். அவர் திரும்பிக்கொண்டார்.

2-6-91

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ரோஸி. இடுப்பில் குழந்தை. கல்யாணமாகித் தூத்துக்குடி பக்கம் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இருவரும் ஒதுங்கத் தெரியாமல் நேருக்கு நேர் நின்றுவிட்டோம்.

"நல்லாருக்கீகளா?" என்றாள்.

நீ என்ற வாய். அடி, போடி என்ற வாய்.

குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். சொல்லிவிட்டு, பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, "ஒங்க அண்ணன் எப்ப வெளிய வாராக?" என்று கேட்டாள். பயமா, வேறு எதுவுமா, கண்டுபிடிக்க முடியவில்லை. லாரன்ஸ் அண்ணே என்று அவள் சொல்லவில்லை. அவன் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டது.

அவள் பஸ் போன பிறகு பருத்திப்பால் வண்டிக்காரரிடம் ஒரு டம்ளர் வாங்கினேன். பாதிதான் குடிக்க முடிந்தது.

9-3-94

அப்பாவை அடக்கம் செய்தோம். மணி அடித்தது செல்லப்பாண்டி. நான் கேட்கவில்லை, அவராகவே கயிற்றைப் பிடித்தார்.

17-8-95

அண்ணன் வந்துவிட்டான். நன்னடத்தை என்று தண்டனையைக் குறைத்திருக்கிறார்கள். முன் தலையில் முடி இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரோ வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான். நான் "வா அண்ணே" என்ற பிறகுதான் உள்ளே வந்தான். அப்பாவின் படத்தைப் பார்த்தான். இப்போது தெருவில் பைப் வந்துவிட்டது, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது என்றேன். தலையை ஆட்டினான். சோறு போட்டேன். சாப்பிட்டான். படுத்துக்கொண்டான்.

18-8-95

எழுந்ததும் முதலில் அடுக்களைக்குத்தான் போனேன். இரண்டு குடமும் நான் மூடிய மாதிரியே, கழுத்துவரை நிறைந்து இருந்தன. நேற்றுச் சோற்றோடு வைத்த ஒரு செம்புக்கு மேல் அவன் தண்ணீர் குடிக்கவில்லை. இந்தப் புழுக்கத்தில்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். தூங்கவில்லை என்று தெரிந்தது. உதடு காய்ந்திருந்தது.

செம்பு நிறைய மொண்டு கொண்டுபோய், "அண்ணே, எந்திரி. தண்ணி குடி" என்றேன்.