மாமன் போட்ட ஜாமீன்

குற்றாலம்
விசுவாவசு வருஷம் ஆவணி மாதம் 4-ந் தேதி
(20-8-1965) வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி குமாரத்தி குழல்வாய்மொழிக்கு அம்மா எழுதிக்கொண்டது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தங்கச்சி வடிவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பட்டணத்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்ளுகிறேன், அப்படி இல்லை என்றாலும் நன்றாக இருக்கிறேன் என்றே பதில் எழுது, வேறே எதையும் தாங்குகிற நிலைமையில் நான் இப்போது இல்லை. உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. காலேஜ் சம்பளம் கட்டாதவர்கள் பெயரைப் போர்டில் ஒட்டிவிட்டார்கள், அதில் உன் பெயரும் இருக்கிறது, வருகிற 27-ந் தேதிக்குள் சர்க்கார் கடன் பத்திரத்தை ஜாமீன் கையெழுத்தோடு ஆபீசில் கொடுக்காவிட்டால் இரண்டாம் வருஷத்தோடு பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று எழுதியிருந்தாய். சரி, அது நிலவரம். ஆனால் அதற்குக் கீழேயே, பேசாமல் நானே வந்துவிடுகிறேன் அம்மா, அங்கேயே எங்காவது ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலையாவது கிடைக்காதா என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு உன்னை நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது. கை எட்டாத தூரத்தில் இருப்பதால் தப்பித்தாய். பத்திரம் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். உன் மாமா ஜாமீன் போட்டுவிட்டார். அது எப்படிக் கிடைத்தது என்பதை உனக்கு எழுதவே கூடாது என்று வடிவு சொல்லியிருக்கிறாள், ஆனாலும் நான் எழுதுகிறேன்.

இந்த வருஷம் சாரல் நம்மைக் கைவிட்டது உனக்குத் தெரியும், எந்த அளவுக்கு என்று நான் எழுதவில்லை. ஆனியில் நாலு நாள் தூறியதுதான், ஆடி முழுக்க வெயில் கொளுத்திற்று, ஐந்தருவியில் ஐந்தையும் கூட்டிக் கட்டினாலும் ஒரு அருவி தேறாது. குளிக்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, பாறையைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினார்கள். மற்ற வருஷமென்றால் நம் வீட்டு அறை நாலும் வாடகைக்குப் போய் நாங்கள் அடுக்களையில் முடங்குவோம், அந்த வாடகையும் வந்தவர்களுக்குச் சமைத்துப் போடுகிற காசும்தான் உன் சம்பளம், உன் ஹாஸ்டல், எங்கள் வருஷச் சாப்பாடு எல்லாம். இந்த வருஷம் புளியங்குடி எலுமிச்சங்காய் மண்டி ஹபீபுல்லா சாயபு குடும்பம் மட்டும் வழக்கம்போல வந்தது, அவர்களும் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது மனுஷர் மாதம் முழுக்க உள்ள வாடகையை வைத்தார், நான் வேண்டாம் என்றேன், வீட்டப் பிடிச்சது நான், தண்ணி வரலேன்னா அதுக்கு நீங்க என்ன செய்வீய தாயி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்தப் பணம் வந்த வழியே வட்டிக்குப் போயிற்று. உன் அப்பா போன மூன்றாம் மாதம் உனக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது, அந்த முதல் வருஷச் சம்பளத்துக்கே வீட்டுப் பத்திரம் வட்டிக்கடைப் பெட்டிக்குள் போய்விட்டது. இனிமேல் அடகு வைக்க என்னிடம் இருப்பது என் நாக்கு ஒன்றுதான், அதை எவனும் எடுத்துக்கொள்ளமாட்டான்.

சர்க்கார் கடன் கொடுக்கிறது, படித்து முடித்து வேலை பார்த்துத் திருப்பிக் கட்டினால் போதும் என்று போன மாதம் நீ எழுதியபோது, அப்பாடா என்று அம்மன் சந்நிதியில் ஒரு விளக்குப் போட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதை மறந்துபோனேன். சொந்தப் பேரில் பட்டா உள்ள ஒருவர் ஜாமீன் போடவேண்டும், நாளைக்கு நீ கட்டாமல் போனால் அவர் தலையில் விடியும். தென்காசிக்குப் போய் உன் சித்தப்பாவைப் பார்த்தேன். அப்பா பதினாறாம் நாள் அன்று இனி இந்தப் பிள்ளைகள் என் பிள்ளைகள் என்று சபையில் சொன்னவர், ஜாமீன் என்ற வார்த்தையைக் கேட்டதும் வெந்நீர் பட்டதுபோல எழுந்துவிட்டார். பொம்பளப் பிள்ள கடனுக்கு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவ கட்டிப் போன வீட்டுல எவங்கிட்டப் போயி நின்னு கேக்கச் சொல்லுதிய, அவன் கட்டுவானா, நீங்களே சொல்லுங்க என்றார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறே. பிறகு வெட்கத்தை விட்டுப் புளியங்குடிக்குப் பஸ் ஏறினேன். சாயபு ஒரு வார்த்தை மறுக்கவில்லை, குடுங்க தாயி என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டார். ஆனால் அவருடைய நிலமெல்லாம் அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரியாமல் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது, அது செல்லாது என்று தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பாராமல் சொல்லிவிட்டான். உறவு இருக்கிறவனுக்கு மனசு இல்லை, மனசு இருக்கிறவருக்குப் பட்டா இல்லை.

அதற்குப் பிறகுதான் பாவூர்சத்திரம் போனேன். உன் மாமாவைக் கடைசியாக வைத்திருந்ததற்குக் காரணம், பிச்சுமணி அண்ணன் எனக்கு உடன்பிறந்தவர்தான், ஆனால் காய்கறி கமிஷன் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர், சும்மா ஒரு கறிவேப்பிலைக் கொத்துக்கூடக் கை மாறாது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், காப்பி வாங்கிக் கொடுத்தார், ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் கொடுத்து, நீ போ இராமு, நான் மதினியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாரேன் என்றார். பிடிகொடுத்தும் பேசவில்லை, மறுக்கவும் இல்லை. புதன்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். கையெழுத்துப் போடத்தான் வருகிறார் என்று நான் கேசரி கிண்டி வைத்திருந்தேன். மதினி கையில் பூவும் பழமும் வெற்றிலை பாக்குமாகத் தட்டு இருந்தது. நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத என்று அண்ணன் ஆரம்பித்தார். ஜாமீன் போடுதது எனக்குப் பெருசில்ல. மண்டியில கடனுக்குச் சரக்குக் குடுத்தா, தரலேன்னா அவன் மாட்டையாவது பிடிச்சுக் கட்டுவேன். படிப்புக்குக் குடுத்தா எதைப் பிடிச்சுக் கட்ட. உன் மூத்தவ டாக்டராயிட்டா என் வாசல மிதிக்கமாட்டா, எம் மவன் தில்லைநாயகத்துக்கு அவளக் கேட்டு நான் அசிங்கப்படவும் மாட்டேன். இளையவளக் குடு. என் மருமகளுக்கு அக்கா, அதனால ஜாமீன் போட்டேன்னு நாலு பேருட்டச் சொல்லிக்கிடுவேன், அதுல ஒரு ஞாயம் இருக்குல்லா என்றார்.

அதில் ஒரு நியாயம் இருந்ததுதான் என் வயிற்றெரிச்சல். சண்டை போடலாம் என்று பார்த்தால் பிடி இல்லை. தில்லைநாயகம் கெட்ட பையன் இல்லை, குடி கிடையாது, சீட்டு கிடையாது, தன்னால் ஒன்றை யோசிக்கிற வழக்கமும் கிடையாது. எட்டாம் வகுப்பை மூன்று தரம் பார்த்துவிட்டுத் தராசுக்கு வந்தவன். நம் வடிவு யார். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் அவள் வாங்கிய மார்க்கை நீயும் வாங்கவில்லை, உனக்கே தெரியும். பாளையங்கோட்டையில் வாத்தியார் டிரெயினிங்குக்கு இடம் கொடுத்து ஆடி கடைசியில்தான் கார்டு வந்தது, உனக்கு இன்னும் எழுதவில்லை, தீபாவளிக்கு நீ வரும்போது சொல்லவேண்டும் என்று மறைத்து வைத்திருந்தாள். அண்ணன் வீட்டு அடுக்களை எனக்குத் தெரியாததா, நான் பிறந்த வீடு அது. மூட்டை தூக்குகிறவர்கள் வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் உண்டு எழுந்தபிறகு பொம்பளைகள் அடிச்சட்டியைச் சுரண்டுவார்கள். அங்கே ஒரு பெண் பேப்பரைக் கையில் எடுத்தால், அரிசி களைஞ்சாச்சா என்று கேட்பார்கள். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணே என்றேன். அதற்குள் வடிவு காப்பித் தம்ளர்களோடு வந்து நின்றாள். எனக்குச் சம்மதம் மாமா, ஆனா முதல்ல கையெழுத்து, பொறவு தாலி, நாளைக்கே தாலுகா ஆபீசுக்கு வந்துருங்க என்றாள். அண்ணன் சிரித்துவிட்டார், மதினி சிரிக்கவில்லை. நான் அடுக்களைக்குப் போய்க் கேசரியைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

அவர்கள் போனபிறகு அவளைப் பிடித்து உலுக்கினேன். ஏட்டி, உன்ன எவ கேட்டா, நான் பெத்தவ இன்னும் சாகலியே என்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். ரெண்டு பேரும் பாதி வழியில நிக்கதுக்கு ஒருத்தியாவது ஊர் போய்ச் சேரட்டும்மா, டிரெயினிங்குக்கு ரெண்டு வருசம் காசு வேணுமே, அதுக்கு நீ எங்கன போவ என்று கேட்டாள் அவள். நான் கேசரிச் சட்டியைக் கழுவப் போனேன் குழலி. நேற்று மூன்று பேருமாகத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். அண்ணன் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார், வடிவு பக்கத்தில் நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்தாள், ஒரு இடத்தில் சர்வே நம்பர் விட்டுப்போயிருந்ததை அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். உன் இளைய மக என் கடையில உக்காந்தா பாவூர்சத்திரத்தையே வாங்கிப் போட்டுருவேன் இராமு என்றார் அண்ணன். அவர் பிரியமாகத்தான் சொன்னார். திரும்பி வந்ததும் வடிவு தன் புத்தகங்களையெல்லாம் கட்டிப் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி மகளிடம் கொடுத்துவிட்டாள், ஒன்றையாவது வச்சுக்கிடேன் என்றேன், கத்தரிக்கா எடைக்கு அல்ஜீப்ரா எதுக்கும்மா என்றாள். ஆவணி 23-ந் தேதி இலஞ்சிக் கோயிலில் முகூர்த்தம். இப்போது மதினியோடு தென்காசிக்குக் கூரைப்புடவை எடுக்கப் போயிருக்கிறாள், போகும்போது, மாமா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார் என்று மட்டும் அக்காளுக்கு எழுது, வேற ஒண்ணும் எழுதாத என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நாளைக்கு ஒருநாள் இது உன் காதுக்கு வராமல் போகாது, நம் ஊரில் எது மறைந்திருக்கிறது. மூன்றாம் வருஷத்திலோ நாலாம் வருஷத்திலோ கேள்விப்பட்டு, மனசு உடைந்து நீ பாதியில் விட்டுவிட்டு வந்தால், அப்போது அவளும் போனாள், நீயும் போனாய். அதனால் இப்போதே தெரிந்துகொள். முதலில், இந்தப் பத்திரத்தைக் கொடுப்பதும் கிழித்துப்போடுவதும் உன் இஷ்டம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீ கிழித்தால் இந்தக் கல்யாணம் நின்றுவிடும், கையெழுத்து இல்லை என்றால் தாலியும் இல்லை என்று வடிவே பேசிவைத்ததுதானே, அண்ணனும் கோபித்துக்கொண்டு போவார், போகட்டும். ஆனால் அப்புறம் என்ன. நீ இங்கே வந்து உட்காருவாய், அவள் டிரெயினிங்குக்கும் வழி இல்லை, வீடு வட்டியில் முழுகும், இரண்டு பேரையும் முன்னால் வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் மழைக்கு ஆகாயத்தைப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கம் புரண்டாலும் முள்ளாக இருக்கிறது. இருபது வயசுப் பெண்ணிடம் உன் இஷ்டம் என்று எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வது பெற்றவள் செய்கிற காரியம் இல்லை. ஆகையால் நான் சொல்லுகிறேன், கேட்டுக்கொள். பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. கவர் கிடைத்த அன்றைக்கே கொடு, ஒரு ராத்திரிகூட உன் பெட்டியில் வைத்திருக்காதே. கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம், பரீட்சை என்று நான் சொல்லிக்கொள்கிறேன், வந்து அவள் முகத்தைப் பார்த்தால் நீ திரும்பிப் போகமாட்டாய். என்றைக்காவது உன் மனசு உன்னை அரித்தால், அம்மா கொடு என்றாள், நான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள். உனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள நான் இருக்கிறேன். எனக்குத்தான் அப்படிச் சொல்ல மேலே யாரும் இல்லை.

நீ நீண்ட ஆயுசோடு, கைராசிக்காரி என்று ஊர் சொல்லும்படி இருக்கவேண்டும் என்று உனக்குப் பேர் கொடுத்த அம்மன் குழல்வாய்மொழியம்மையை வேண்டிக்கொள்கிறேன். ஹாஸ்டலில் மோர் புளித்திருந்தால் குடிக்காதே, உனக்குச் சளி பிடிக்கும். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன், வாங்கினவுடன் ஒரு கார்டு போடு. வடிவுக்குத் தனியாகக் கடிதம் எழுது. கல்யாணம் என்று அம்மா எழுதினாள், ரொம்பச் சந்தோஷம் என்று எழுது, வேறு ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. தப்பித்தவறி அவளுக்கு நன்றி என்று மட்டும் எழுதிவிடாதே மகளே, அதை அவள் தாங்கமாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற
அம்மா இராமலட்சுமி